நிலத்தின் உள்ளும் புறமும்: பலகோணங்களைத் தரவாக்கும் முறை

புவியியல் தகவல் அமைப்பில் நிலத்தின் மேலுள்ள எதையும் புள்ளி, கோடு, பலகோணம் என்ற மூன்று வடிவங்களுள் ஒன்றாகப் பதிவு செய்வதே பொது வழக்கம். மின்கம்பமும் அடிபம்பும் புள்ளிகளாகவும், சாலையும் ஓடையும் கோடுகளாகவும், வயலும் ஏரியும் மாவட்டமும் பலகோணங்களாகவும் அமைகின்றன. முதல் இரண்டும் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லி நின்றுவிட, பலகோணம் அதைவிடப் பெரிய பொறுப்பை ஏற்கிறது: எந்த இடத்தைக் காட்டிக் கேட்டாலும், அது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று அது விடை சொல்லியாக வேண்டும். ஒரு வீடு எந்த வார்டைச் சேரும், ஒரு வயல் எந்த ஏரியின் ஆயக்கட்டில் அடங்கும், ஒரு கிராமம் வெள்ளம் சூழ்ந்த பரப்புக்குள் வருமா என்ற கேள்விகளெல்லாம் இந்த ஒரே கேள்வியின் வேறு வேறு தோற்றங்களே. திரையில் வண்ணம் நிரம்பிய பரப்பாகத் தெரிந்தாலும் கோப்பில் இருப்பவை எண் இணைகளின் வரிசைகள் மட்டுமே. அந்த வரிசைகளிலிருந்து உள்ளையும் புறத்தையும் பிரித்தறியச் சில மரபுகள் உண்டு. அவை பிசகினால் வரைபடம் அழகாகவே தோன்றும், விடை மட்டும் தவறாக இருக்கும்.

வளையம்

பலகோணத்தின் அடிப்படை உறுப்பு வளையம். எல்லை திரும்புகிற ஒவ்வோர் இடமும் ஒரு முனை. அடுத்தடுத்த இரு முனைகளை இணைக்கும் நேர்கோடு விளிம்பு. விளிம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று புறப்பட்ட முனைக்கே திரும்பிச் சேரும்போது வளையம் உருவாகிறது. தமிழ்நாட்டு நில அளவைத் துறையின் புலப்படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. அங்கும் ஒரு புல எண்ணின் எல்லை, முனைகளாலும் அவற்றுக்கு இடையே எழுதப்பட்ட நீளங்களாலும்தான் வரையறுக்கப்படுகிறது. புலப்படம் அளவுகளைத் தருகிறது. தரவுக்கோப்போ ஒவ்வொரு முனையும் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைக் குறிக்கும் எண் இணையை, அதாவது அதன் ஆயத்தொலைவுகளைத் தருகிறது.

கிழக்கு மேற்காக 40 மீட்டரும் தெற்கு வடக்காக 30 மீட்டரும் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்ளலாம். அதன் தென்மேற்கு மூலையைத் தொடக்கமாகக் கொண்டு, கிழக்கு நோக்கிய தூரத்தை முதலிலும் வடக்கு நோக்கிய தூரத்தை அடுத்தும் எழுதினால், வளையம் (0 0, 40 0, 40 30, 0 30, 0 0) என்று அமையும். மனைக்கு மூலைகள் நான்கு, வரிசையில் இருக்கும் இணைகளோ ஐந்து. முதல் முனையையே கடைசியிலும் எழுதி வளையத்தை மூடவேண்டும் என்பது, 2004இல் ஐ.எஸ்.ஓ. 19125 என்ற பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட எளிய புவிவடிவ மாதிரியும் அதைப் பின்பற்றும் கோப்பு வகைகளும் விதிக்கும் நிபந்தனை. ஆகவே மிகச் சிறிய பலகோணமான முக்கோணத்துக்கும் குறைந்தது நான்கு இணைகள் தேவைப்படுகின்றன. அட்டவணையில் குறித்த ஆயத்தொலைவுகளைக் கையால் கோப்பாக்குபவர்கள் இந்தக் கடைசி இணையை விட்டுவிடுவது அடிக்கடி நேர்கிறது. சில மென்பொருள்கள் தாமே மூடிக்கொள்ளும், சில கோப்பையே ஏற்க மறுக்கும். மறுக்கும் மென்பொருளே உண்மையில் பயனருக்கு நன்மை செய்கிறது.

இணைக்குள் எந்த எண் முதலில் வரவேண்டும் என்பதிலும் கவனம் தேவை. பேச்சிலும் பாடநூலிலும் அட்சரேகையை முதலில் சொல்வதே வழக்கம். ஆனால் இணையவழி வரைபடங்களில் மிகுதியாகப் புழங்கும் ஜியோஜேசன் என்ற வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கிறது, ஏனெனில் அது கிழக்குத் திசையை வரைதாளின் கிடை அச்சாகக் கொள்கிறது. சென்னையின் இருப்பிடமான 80.27, 13.08 என்ற இணையை இடம் மாற்றி எழுதினால், புள்ளி ஆர்க்டிக் பகுதியில் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தை ஒட்டிப் போய் விழும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்தப் பிழை இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவது ஒரு வசதி. அட்சரேகையும் தீர்க்கரேகையும் நெருங்கிய எண்களாக உள்ள நாடுகளில் இதே பிழை நெடுநாள் ஒளிந்திருக்கக்கூடும்.

தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டும் என்பதும் இங்கேயே தீர்மானிக்க வேண்டியது. அட்சரேகையின் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், ஐந்தாம் இலக்கம் சுமார் ஒரு மீட்டரையும் ஆறாம் இலக்கம் சுமார் 11 சென்டிமீட்டரையும் குறிக்கிறது. கைபேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகக்கூடியது; அதைக் கையில் வைத்துக்கொண்டு வயலைச் சுற்றிவந்து எடுத்த வளையத்தைப் பன்னிரண்டு இலக்கங்களுடன் சேமிப்பது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும்.

துளைகளும் துண்டுகளும்

ஒரே வளையத்தால் சொல்லி முடித்துவிடக்கூடிய நிலங்கள் எளியவை. நிர்வாக எல்லைகளும் நீர்நிலைகளும் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. மேற்சொன்ன மனையின் நடுவே பொதுக்கிணறு அமைந்த ஒரு புறம்போக்குத் துண்டு தனிப் புல எண்ணுடன் இருக்குமானால், மனையின் பலகோணம் அந்தத் துண்டை விலக்கியாக வேண்டும். இதற்காகப் பலகோணம் ஒரு வெளிவளையத்தையும், அதனுள் விலக்கவேண்டிய ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உள்வளையத்தையும் கொள்கிறது. உள்வளையம் அடைக்கும் பரப்பு துளை எனப்படும். தென்னாப்பிரிக்காவின் பலகோணத்தில் லெசோத்தோ நாடு அமர்ந்திருக்கும் இடமும், இத்தாலியின் பலகோணத்தில் சான் மரினோவும் வத்திக்கானும் அமர்ந்திருக்கும் இடங்களும் இவ்வகைத் துளைகளே.

இதற்கு எதிரான நிலைமை, ஒரே நிர்வாக அலகு பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பது. பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாக உருவான புதுச்சேரி ஒன்றியப் பகுதி இதற்கு நல்ல சான்று: புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையிலும், மாஹே கேரளத்திலும், ஏனாம் ஆந்திரத்திலும் கிடக்கின்றன, போதாததற்குப் புதுச்சேரி வட்டாரமே தமிழ்நாட்டு நிலத்தால் பிரிக்கப்பட்ட பல துண்டுகளால் ஆனது. இத்தகைய அலகைப் பல்துண்டுப் பலகோணமாகப் பதிவு செய்யவேண்டும். அதாவது ஒரே பெயரும் ஒரே குறியெண்ணும் உடைய ஒரு பதிவின் கீழ், தத்தம் வெளிவளையங்களும் துளைகளும் கொண்ட பல பலகோணங்கள் வரிசையாக வைக்கப்படுகின்றன. துண்டுகளைத் தனித்தனிப் பதிவுகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றியப் பகுதி முழுமைக்குமான மக்கள்தொகையை எழுதிவிட்டால், கூட்டும்போது அந்த எண் பன்மடங்காகிவிடும். பெரிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை 'சிறு பிழைகள்' என்று கருதி நீக்கும் தானியங்கி நிரலை ஓட்டினால், மாஹே மக்கள் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடுவார்கள். சிறிய துண்டு என்பதற்காக ஒரு நிலத்தை அழிக்கும் எந்த நிரலையும் நிர்வாக எல்லைகளின் மேல் கண்மூடி ஓட்டக்கூடாது.

துளையும் துண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வரும்போதுதான் இந்த மாதிரியின் வலிமை முழுமையாக விளங்கும். இந்திய வங்கதேச எல்லையில், கூச்பிகாரை ஒட்டி, ஒரு நாட்டின் நிலம் மறு நாட்டின் நிலத்தால் முற்றிலும் சூழப்பட்ட சிற்றிடங்கள் நிறைய இருந்தன. 2015 ஜூலை 31 நள்ளிரவில் வங்கதேசத்துக்குள் கிடந்த 111 இந்தியச் சிற்றிடங்களும் இந்தியாவுக்குள் கிடந்த 51 வங்கதேசச் சிற்றிடங்களும் பரிமாறிக்கொள்ளப்பட்டன. அவற்றுள் தஹாலா காக்ராபாரி என்ற சிறு நிலம் தனித்தன்மை வாய்ந்தது. வங்கதேசத்தின் பெருநிலத்துக்குள் பாலபாரா காக்ராபாரி என்ற இந்தியச் சிற்றிடம்; அதற்குள் உபன்சௌகி பஜ்னி என்ற வங்கதேச நிலம்; அதற்குள் மீண்டும் இந்தியாவுக்குரியதாக இருந்த இந்தச் சிறு துண்டு. ஒரு ஹெக்டேருக்கும் குறைவான அந்த நிலத்தை நான்கு அடுக்காக எந்தக் கோப்பிலும் எழுதமுடியாது, ஏனெனில் பலகோணத்தில் துளைக்குள் துளை என்ற அமைப்பே கிடையாது. துளைக்குள் அதே நாட்டின் நிலம் மறுபடி தோன்றினால் அது புதியதொரு துண்டாகவே எழுதப்படும். எனவே அன்றைய இந்தியாவின் பல்துண்டுப் பலகோணத்தில், உபன்சௌகி பஜ்னியைத் துளையாகக் கொண்ட பாலபாரா காக்ராபாரி ஒரு துண்டு, தஹாலா காக்ராபாரி இன்னொரு துண்டு. வங்கதேசத்தின் பதிவில், பாலபாராவைத் துளையாகக் கொண்ட பெருநிலம் ஒரு துண்டு, தஹாலாவைத் துளையாகக் கொண்ட உபன்சௌகி பஜ்னி இன்னொரு துண்டு.

இவ்வளவு சிக்கலான அமைப்பிலும் உள்ளா புறமா என்ற கேள்விக்கு விடை காணும் வழி வியக்கத்தக்க அளவுக்கு எளிது. கேட்கப்படும் இடத்திலிருந்து ஏதாவது ஒரு திசையில் முடிவில்லாத ஒரு கோட்டை நீட்டி, அது ஒரு பதிவின் வளையங்களை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணவேண்டும். ஒற்றைப்படையானால் இடம் உள்ளே, இரட்டைப்படையானால் வெளியே. தஹாலாவில் நின்று அன்றைய வங்கதேசத்தின் வளையங்களை எண்ணினால் தஹாலா, உபன்சௌகி, பாலபாரா, பெருநிலம் என்று நான்கு வளையங்களை ஒவ்வொரு முறை கடக்கவேண்டும். வழியில் வேறு சிற்றிடம் குறுக்கிட்டாலும் அதற்குள் நுழைவதும் வெளியேறுவதுமாக இரட்டைப்படையே கூடும். விடை வெளியே என்று வருகிறது. அந்த நிலம் அப்போது இந்தியாவுடையது என்பதால் அதுவே சரி. கோடு சரியாக ஒரு முனையின் மேல் செல்லும்போது ஒரே வெட்டு இருமுறை எண்ணப்படாமலிருக்க, விளிம்பின் தாழ்ந்த முனையை மட்டும் அந்த விளிம்புக்கு உரியதாகக் கொள்வது போன்ற விதியை நிரலாளர்கள் வைத்திருக்கிறார்கள். புள்ளி எல்லைக்கோட்டின் மேலேயே விழுந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் கணிதம் தீர்மானிக்காது. அதைத் தரவைப் பயன்படுத்தும் அலுவலகம் முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும்.

சுழற்சியின் திசை

வளையத்தின் முனைகளை வலஞ்சுழியாகவும் எழுதலாம், இடஞ்சுழியாகவும் எழுதலாம், வடிவம் மாறாது. ஆனால் பரப்பளவைக் கணக்கிடும் முறை திசையைப் பொறுத்துக் குறி மாறுகிறது. ஒவ்வொரு முனையின் கிழக்கு எண்ணை அடுத்த முனையின் வடக்கு எண்ணால் பெருக்கி, அதிலிருந்து அடுத்த முனையின் கிழக்கு எண்ணுக்கும் இந்த முனையின் வடக்கு எண்ணுக்குமான பெருக்குத்தொகையைக் கழித்து, வளையம் முழுவதும் கூட்டிப் பாதியாக்குவதே அந்த முறை. இடஞ்சுழியாக எழுதிய 40க்கு 30 மனையில் கூட்டுத்தொகை 2,400, பாதி 1,200 சதுர மீட்டர். பட்டாவின் கணக்கில் 12 ஏர், சென்ட் கணக்கில் ஏறத்தாழ 29.65. கிணற்றுத் துண்டை வலஞ்சுழியாக (10 10, 10 14, 15 14, 15 10, 10 10) என்று எழுதினால், அதே முறை அதற்குக் கழித்தல் 20 என்ற விடையைத் தருகிறது. இரண்டையும் கூட்டியவுடன் 1,180 சதுர மீட்டர் என்ற சரியான பரப்பு தானே வந்துவிடுகிறது. வெளிவளையமும் உள்வளையமும் எதிரெதிராகச் சுழலவேண்டும் என்ற மரபின் பயன் இங்கே கண்கூடு.

எது எப்படிச் சுழலவேண்டும் என்பதில்தான் கோப்பு வகைகள் ஒத்துப்போவதில்லை. எஸ்ரி நிறுவனம் 1998இல் விளக்கக் குறிப்பு வெளியிட்ட ஷேப்ஃபைல், வெளிவளையத்தை வலஞ்சுழியாகவும் துளையை இடஞ்சுழியாகவும் கேட்கிறது. அதற்கு மேல், எந்தத் துளை எந்த வெளிவளையத்துக்கு உரியது என்பதை அது எழுதிவைப்பதில்லை, படிக்கும் மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஜியோஜேசனின் 2008ஆம் ஆண்டு வரையறை திசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2016இல் வந்த ஆர்.எஃப்.சி. 7946 என்ற அதன் புதிய வரையறை, வெளிவளையம் இடஞ்சுழியாகவும் துளை வலஞ்சுழியாகவும் இருக்கவேண்டும் என்று விதித்து, பழைய கோப்புகளை நினைத்து, விதியை மீறியவற்றைப் படிக்கும் மென்பொருள் நிராகரிக்க வேண்டாம் என்றும் சொல்லியது. பெரும்பாலான கருவிகள் தளத்தில் வரைவதால் திசை தவறினாலும் படம் மாறுவதில்லை. பூமியை உருண்டையாகவே கொண்டு கணக்கிடும் கருவிகளில் நிலைமை வேறு, ஏனெனில் உருண்டையின் மேல் வரைந்த எந்த வளையமும் பரப்பை இரண்டாகப் பிரிக்கிறது, அவற்றுள் எது உள் என்பதற்கு இயல்பான விடை கிடையாது. டி3 என்ற வரைபட நூலகம் திசையைக்கொண்டே அதைத் தீர்மானிப்பதால், அது எதிர்பார்க்கும் திசைக்கு மாறாக எழுதிய ஒரு சிறு மாவட்டம், தன்னைத் தவிர்த்த உலகம் முழுவதையும் வண்ணத்தால் நிரப்பிவிடும். திரை முழுவதும் ஒரே வண்ணமாகத் தெரிந்தால் முதலில் ஐயுற வேண்டியது வளையத்தின் சுழற்சியையே.

பொது எல்லைகள்

அடுத்தடுத்த இரு மாவட்டங்களின் எல்லை ஒரே கோடுதான். ஆனால் மேற்சொன்ன கோப்பு வகைகளில் அது இருமுறை எழுதப்படுகிறது, ஒவ்வொரு மாவட்டத்தின் வளையத்திலும் ஒருமுறை. இரு பதிவுகளிலும் முனைகள் கடைசி இலக்கம் வரை ஒத்திருக்கும்வரை தொல்லை இல்லை. ஒருவர் ஒரு மாவட்டத்தின் எல்லையை மட்டும் திருத்தியதும் இரு கோடுகளுக்கும் இடையே யாருக்கும் சேராத ஒடுங்கிய இடைவெளிகளோ, இருவருக்கும் சேர்ந்த ஒடுங்கிய மேற்படிவுகளோ உண்டாகின்றன. சிம்புகள் என்று சொல்லத்தக்க இவை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. ஆனால் மாவட்ட எல்லையோரத்துச் சாலைகளையும் வீடுகளையும் பலகோணங்களோடு பொருத்திப் பார்க்கும்போது, எந்த மாவட்டத்திலும் சேராத வீடுகளும் இரண்டு மாவட்டங்களில் எண்ணப்படும் வீடுகளும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

எல்லையை ஒருமுறை மட்டுமே சேமிக்கும் வழி பழமையானது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்காக உருவாக்கிய டைம் என்ற கோப்பு முறையில், ஒவ்வொரு தெருத்துண்டும் தன் இரு முனைகளோடு இடப்புறம் எந்த வட்டாரம், வலப்புறம் எந்த வட்டாரம் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்தது. பலகோணம் என்பது அந்தத் துண்டுகளைத் தொகுத்துப் பெறப்படும் விளைவாக மட்டுமே இருந்தது. வடிவங்களின் அளவைவிட அவற்றுக்கு இடையேயான அண்மை உறவுகளை முதன்மையாகக் கொள்ளும் இத்தகைய அமைப்பு இடவியல் மாதிரி எனப்படுகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத் திட்டமும் டோப்போஜேசன் என்ற கோப்பு வகையும் இதே எண்ணத்தின் வழியில் வந்தவை. முன்னதில் பலகோணம் என்று தனி வகையே இல்லை. கணுக்களை வரிசையாகக் கோத்த வழிகளும், வழிகளைத் தொகுக்கும் உறவுகளும்தான் உண்டு. மூடிய வழி ஒரு வட்டச் சாலையா, பூங்காவா என்பதை அதனோடு இணைத்த குறிச்சொல்லே தீர்மானிக்கிறது. ஒரு வழியில் 2,000 கணுக்களுக்கு மேல் இருக்கமுடியாது என்பதால் பெரிய எல்லைகள் பல வழிகளாக உடைக்கப்பட்டு, பல்துண்டு உறவில் வெளி, உள் என்ற பங்குகளோடு சேர்க்கப்படுகின்றன. இரு மாவட்டங்களுக்குப் பொதுவான வழி ஒன்றே என்பதால் அதைத் திருத்தினால் இரு மாவட்டங்களும் ஒருங்கே திருந்தும். நிர்வாக எல்லைகளைத் தொடர்ந்து பராமரிக்கப்போகும் எவரும் இடவியல் மாதிரியில் பணிபுரிந்து, வெளியிடும்போது மட்டும் தனித்தனிப் பலகோணங்களாக மாற்றிக்கொடுப்பதே நன்று. தொடக்கத்தில் சற்றுக் கூடுதல் உழைப்பைக் கேட்டாலும் பின்னர் சிம்புகளைத் தேடி அலையும் வேலையை அது ஒழித்துவிடுகிறது.

எல்லைகளை எளிமையாக்கும்போது இதன் அருமை இன்னும் தெளிவாகும். கைபேசித் திரைக்கு அனுப்பும் மாநில வரைபடத்துக்கு லட்சக்கணக்கான முனைகள் தேவையில்லை. டக்ளஸ், பியூக்கர் இருவரும் 1973இல் வெளியிட்ட முறை, ஒரு கோட்டின் இரு கோடிகளையும் நேராக இணைத்து, அந்த நேர்கோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் விலகிய முனைகளை மட்டும் படிப்படியாகத் தக்கவைக்கிறது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகேசுவரி விசுவலிங்கமும் வயட்டும் 1993இல் வெளியிட்ட முறை வேறு விதமானது: ஒவ்வொரு முனையும் தன் இரு பக்கத்து முனைகளோடு அமைக்கும் முக்கோணத்தின் பரப்பைக் கணக்கிட்டு, மிகச் சிறிய முக்கோணத்துக்குரிய முனையை நீக்கி, மீண்டும் கணக்கிட்டு மீண்டும் நீக்குகிறது. வளைந்து நெளியும் கடற்கரைகளுக்கும் ஆற்றோரங்களுக்கும் இரண்டாவது முறை தரும் தோற்றம் இயல்பானது. முதல் முறை கூர்முனைகளை மிகைப்படுத்தும் இயல்புடையது. எந்த முறையானாலும் அதை ஒவ்வொரு பலகோணத்தின்மேலும் தனித்தனியே ஓட்டக்கூடாது. இரு மாவட்டங்களின் வளையங்களும் வெவ்வேறு முனையில் தொடங்குவதால் பொது எல்லையில் தக்கவைக்கப்படும் முனைகளும் வேறுபட்டு, ஒத்திருந்த எல்லை பிளந்துவிடும். பொது எல்லைகளை முதலில் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் எளிமையாக்கி, பின்பு வளையங்களைச் சேர்க்கவேண்டும்.

செல்லாத வடிவங்கள்

மனையின் மூன்றாம், நான்காம் முனைகளை இடம்மாற்றி (0 0, 40 0, 0 30, 40 30, 0 0) என்று எழுதினால் வளையம் தன்னைத்தானே நடுவில் வெட்டிக்கொண்டு இரு முக்கோணங்களாகிறது. ஒரு முக்கோணம் வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் அமைவதால் முன்சொன்ன முறை தரும் பரப்பு பூச்சியம். 12 ஏர் நிலம் கணக்கில் இல்லாமலே போய்விடுகிறது, மென்பொருளும் எச்சரிக்கை தராமல் அந்தப் பூச்சியத்தை மொத்தத்தில் கூட்டிவிடக்கூடும். தன்னை வெட்டும் வளையம், வெளிவளையத்துக்கு வெளியே கிடக்கும் துளை, ஒன்றின்மேல் ஒன்று படியும் துண்டுகள் ஆகியவை செல்லாத வடிவங்கள். க்யூஜிஐஎஸ் மென்பொருளிலும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்திலும் செல்லுபடியைச் சோதிக்கும் கருவிகளும் தானே சீராக்கும் கருவிகளும் இருக்கின்றன. சோதிக்கும் கருவியை எப்போதும் ஓட்டலாம்; சீராக்கும் கருவியை ஓட்டியபின் பரப்பளவை முன்னும் பின்னும் ஒப்பிட்டே ஆகவேண்டும். மேற்சொன்ன மனையை அது இரு செல்லுபடியான முக்கோணங்களாக மாற்றித் தருமே தவிர, அளவையாளர் மனத்தில் இருந்த செவ்வகத்தை மீட்டுத் தராது; அதற்கு மூலப் புலப்படத்துக்கே திரும்பவேண்டும்.

பூமியின் வளைவு

இதுவரை மனையின் ஆயத்தொலைவுகள் மீட்டரில் எழுதப்பட்டன. தீர்க்கரேகை, அட்சரேகைகளை நேரடியாக அதே கணக்கில் இட்டால் கிடைப்பது சதுரப் பாகை என்ற பொருளற்ற அலகு. உருண்டையான பூமியைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் கணித வாய்பாடு கோட்டுச்சட்டம் எனப்படுகிறது. பரப்புக் கணக்குக்கு முன் தக்க கோட்டுச்சட்டத்துக்கு ஆயத்தொலைவுகளை மாற்றியாக வேண்டும். யு.டி.எம். முறை உலகை ஆறு பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கிறது. 78 பாகைத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடே செல்வதால் கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும் மதுரையும் சென்னையும் 44ஆம் மண்டலத்திலும் அமைகின்றன. மாநிலம் முழுவதற்குமான பரப்புக் கணக்குக்கு எந்த ஒரு மண்டலமும் முழுப் பொருத்தமாகாது; பரப்பைச் சிதைக்காத சம பரப்புக் கோட்டுச்சட்டமே அதற்கு ஏற்றது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரைப் பரப்புக் கணக்குக்கு ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. சென்னையின் அட்சரேகையிலேயே அது பரப்பை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் மிகைப்படுத்துகிறது. 60 பாகை அட்சரேகையில் நான்கு மடங்காக்குகிறது.

இரு முனைகளுக்கு இடையிலான விளிம்பு எந்தப் பாதையில் செல்கிறது என்பதும் நீண்ட எல்லைகளில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே 49ஆம் அட்சரேகையை ஒட்டி, தீர்க்கரேகை மேற்கு 95 முதல் 123 வரையுள்ள எல்லையை இரண்டே முனைகளால் எழுதினால், ஜியோஜேசனின் விதிப்படி அது அட்சரேகையின் மேலேயே செல்லும்; உருண்டையின் மிகக் குறுகிய பாதையை விளிம்பாகக் கொள்ளும் தரவுத்தளத்தில் அதே விளிம்பு நடுவே ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வடக்கே வளைந்து கனடாவுக்குள் போய்விடும். இடையிடையே முனைகளைச் சேர்த்து விளிம்புகளைச் சிறிதாக்குவதே பரிகாரம். ஃபிஜியைப் போல 180 பாகைத் தீர்க்கரேகை ஊடறுக்கும் நாடுகளின் பலகோணங்களை அந்தக் கோட்டிலேயே வெட்டி இரு துண்டுகளாக வைக்கவேண்டும், இல்லையேல் 179.8இலிருந்து கழித்தல் 179.9க்குச் செல்லும் சிறு விளிம்பை மென்பொருள் உலகைச் சுற்றிய விளிம்பாகக் கருதிவிடும்.

பெயரும் காலமும்

வடிவம் எவ்வளவு துல்லியமானாலும், அது எந்த நாளின் நிலவரம் என்று எழுதப்படாவிட்டால் பயன்பாட்டில் ஆபத்தானது. 2015 ஜூலை 31க்கு முந்தைய இந்தியப் பலகோணம் வேறு, பிந்தையது வேறு. பரிமாற்றத்துக்குப் பிறகும் தஹகிராம் அங்கர்போட்டா வங்கதேசத்திடமே இருப்பதால், துளைகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்ட வரைபடமும் தவறானதே. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போது 32 மாவட்டங்கள் இருந்தன. 2019இலும் 2020இலும் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆகியவை பிரிந்தபின் அவை 38. கணக்கெடுப்பின் எண்களை இன்றைய பலகோணங்களோடு மாவட்டப் பெயரைக்கொண்டு இணைப்பவர், விழுப்புரத்தின் பழைய மக்கள்தொகையை இன்றைய சிறிய விழுப்புரத்தின்மேல் ஏற்றிவிடுவார். கள்ளக்குறிச்சியோ வெற்றிடமாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு பலகோணத்துடனும் அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்ற இரு புலங்களைச் சேர்ப்பது இன்றியமையாதது.

புலம் என்பது அட்டவணையின் நெடுவரிசை. அதன் தலைப்பைத் தமிழில் வைக்க விரும்புவோர் ஷேப்ஃபைலின் ஒரு வரம்பை அறிந்திருக்கவேண்டும். அதில் தலைப்புக்குப் பத்து பைட்டுகளே இடம், யூனிகோடின் யு.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைப் பிடிப்பதாலும், புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதாலும், 'மாவட்டம்' என்ற தலைப்பு 24 பைட்டுகளாகி நடுவில் முறிந்துவிடும். எழுத்துமுறையை அறிவிக்கும் துணைக்கோப்பு உடன்வராவிட்டால் உள்ளேயிருக்கும் ஊர்ப் பெயர்களும் பொருளற்ற குறிகளாக மாறும். ஜியோபேக்கேஜ் வடிவத்தில் இத்தொல்லைகள் இல்லை என்பதால் தமிழ்ப் பெயர்களோடு கூடிய தரவுக்கு அதையே தேர்ந்தெடுக்கவேண்டும். எந்த வடிவத்திலும், அட்டவணைகளைப் பலகோணங்களோடு இணைக்கும் சாவியாகப் பெயரைக் கொள்ளாமல் அரசு வழங்கிய குறியெண்ணைக் கொள்வதே பாதுகாப்பு. திருப்பத்தூர் என்ற பெயரில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு வட்டமும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இன்னொரு வட்டமும் இருக்கின்றன. பெயரைமட்டும் நம்பும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே.